மாமா கொண்டுவந்த மராண்ட்ஸ் 2230: மின்னிணைப்புத் தருவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

திண்டுக்கல் வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நியூ ஜெர்ஸியில் இருந்துவிட்டுச் சென்ற மாதம் ஊர் திரும்பிய என் தாய்மாமா, தம்முடைய சாமான்களோடு ஒரு மராண்ட்ஸ் 2230 ஸ்டீரியோ ரிசீவரையும், பெல்ட்டில் ஓடும் ஒரு டர்ன்டேபிளையும், 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டையும் கொண்டுவந்து, "இனி எனக்கு இதையெல்லாம் தூக்கி வைக்கத் தெம்பில்லை, நீ வைத்துக்கொள்" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். பெட்டி பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் பதினைந்து ஆண்டுகளாக அதற்கு யாரும் மின்சாரம் கொடுக்கவில்லை என்று அவரே சொல்கிறார்.

பின்பக்கத் தகட்டில் 120 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. தெருமுனைக் கடைக்காரர், பயணத்துக்கு விற்கும் பின் மாற்றி ஒன்றைச் செருகிவிட்டால் போதும் என்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. நான் வங்கியில் வேலை பார்ப்பவன். மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது என்று பெரியவர்கள் வழிகாட்ட வேண்டும்.

சீரீஸ் பல்பு:

நம்பிக்கை வராமல் போனது உங்கள் பெட்டியின் நல்ல காலம். அந்தப் பின் மாற்றி கம்பியின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டேஜை மாற்றாது. 120 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் நம் ஊர் 230 வோல்ட் நேராகப் பாய்ந்தால், ஃபியூஸ் சரியான அளவில் இருந்தால் ஃபியூஸ் போகும். முன்பு யாராவது அதற்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே போகும். தொழில் பழகிய முதல் ஆண்டில், வாடிக்கையாளர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமலே செருகி, அறை முழுவதும் வார்னிஷ் கருகும் வாசனையை நான் எழுப்பியிருக்கிறேன். அந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கையால் மறுபடி சுற்றிக் கொடுத்ததற்கு ஒரு மாதச் சம்பளம் போயிற்று.

உங்களுக்குத் தேவை 230 வோல்ட்டை 110 ஆக இறக்கும், கனமான, இரும்புக் கருவும் செப்புச் சுற்றும் கொண்ட ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். 500 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர், அதாவது தாங்கும் திறன்) அளவில் ஒன்றை வாங்கினால் நிம்மதியாக இருக்கலாம். தலைமுடி உலர்த்தும் கருவிகளுக்கென்று விற்கும் கையளவு எடையற்ற மாற்றிகளை வாங்க வேண்டாம்; அவை மின்னலையை வெட்டித் தருபவை, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டிகளுக்கு அவை ஆகாது. 120 கேட்கும் பெட்டிக்கு 110 கொடுப்பது குறையாகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. நம் ஊரில் இரவில் வோல்ட்டேஜ் 245 வரை ஏறும்போது அந்த 110 தானே 117 ஆகிவிடும். ஏறாத நேரத்தில் பெட்டி சற்றுக் குளிர்ச்சியாக ஓடும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருக்கிறதா, 50/60 என்று இருக்கிறதா? டிரான்ஸ்ஃபார்மர் கருவில் எழும் காந்தப் பாயம் வோல்ட்டேஜை அதிர்வெண்ணால் வகுத்த கணக்கில் போகும். அங்கே 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. இங்கே 110-ஐ 50-ஆல் வகுத்தால் 2.2. பத்து விழுக்காடு கூடுதல். அந்தக் காலத்து ஜப்பானிய டிரான்ஸ்ஃபார்மர்கள் பெரும்பாலும் இதைத் தாங்கும். ஆனாலும் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் உறையில் கை வைத்துப் பாருங்கள். கையை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தால் கவலையில்லை.

நான்காவது ஓம்:

சீரீஸ் பல்பு ஐயா தம் பெயருக்குரிய விஷயத்தையே சொல்ல மறந்துவிட்டார். நீண்ட காலம் தூங்கிய பெட்டியை நேராக மின்சாரத்தில் போடக் கூடாது. ஒரு குண்டு பல்பைத் தொடராக வைத்துத்தான் எழுப்ப வேண்டும்.

சீரீஸ் பல்பு:

மறக்கவில்லை தம்பி, அடுத்த பதிவுக்கு வைத்திருந்தேன். எல்லா எலக்ட்ரீஷியன் கடையிலும் சீரீஸ் போர்டு ஒன்று இருக்கும். இல்லையென்றால் ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட், கொஞ்சம் வயர் ஆகியவற்றை வைத்து அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். பல்பு பழைய டங்ஸ்டன் இழை பல்பாக, 100 வாட்டாக இருக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது. போர்டை ஸ்டெப்-டவுனுக்கு முன்னால், அதாவது 230 வோல்ட் பக்கத்தில் வையுங்கள்.

ஸ்பீக்கர் எதையும் இணைக்காமல், ஒலிக் குமிழை முழுவதும் குறைத்து வைத்துவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கி, மெல்லிய செந்நிறத்தில் நின்றால், மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் நிரம்பிவிட்டன, உள்ளே ஷார்ட் இல்லை என்று பொருள். பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். ஏதோ ஒன்று கரண்ட்டை விழுங்குகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகக் கூடாது. அந்த ஒரு பல்பு எத்தனை அவுட்புட் (ஸ்பீக்கரை உந்தும்) டிரான்சிஸ்டர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

அதற்கும் முன்னால் மேல் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். தூசியை மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பல்லியோ எறும்புக் கூடோ இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். கடல் தாண்டி வந்த பெட்டி ஆயிற்றே என்று எண்ணாதீர்கள், ஒரு மாதம் உங்கள் வீட்டில் இருந்தால் நம் ஊர்ப் பல்லிக்கு அது போதும். மின்சாரம் கொடுத்த பிறகு அணைத்துவிட்டாலும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும் என்பதால், கையை உள்ளே விடுவதற்கு முன் மல்டிமீட்டரால் அளந்து, அது வற்றிவிட்டதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது ஓம்:

பல்புச் சோதனையில் தேறிய பிறகு, ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன், ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து டி.சி. வோல்ட்டேஜ், அதாவது ஒரே திசை மின்னழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் ஸ்பீக்கரை இணைக்க வேண்டாம்.

சீரீஸ் பல்பு:

பொதுவாகப் பார்த்தால் தம்பி சொல்வது சரி, ஆனால் இந்தப் பெட்டிக்கு அந்த அளவீடு ஒன்றையும் சொல்லாது. நேரடி இணைப்பு உள்ள ஆம்ப்ளிஃபயர்களில் (ஆம்ப்), அதாவது 2270 போன்ற பெரிய மாடல்களிலும் பயனியரின் எஸ்.எக்ஸ். வரிசையின் பிற்காலப் பெட்டிகளிலும், அவுட்புட் டிரான்சிஸ்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே டி.சி.யைத் தடுக்கும் கெப்பாசிட்டர் இல்லை. ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட்டானால் உள்ளிருக்கும் டி.சி. முழுவதும் ஸ்பீக்கர் சுருளில் பாய்ந்து அதைக் கருக்கிவிடும். சுவிட்ச் போட்ட சில நொடிகளில் 'டக்' என்று கேட்கும் ரிலே இருக்கிறதே, அது அங்கே காவலுக்கு வைத்தது. 2230-இல் அவுட்புட்டுக்கு முன்னால் இடம், வலம் என ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டர் உண்டு. டி.சி. அதைத் தாண்டாது. எனவே ஸ்பீக்கர் முனையில் சில நொடிகளில் பூச்சியத்துக்கு அருகில்தான் காட்டும், உள்ளே ஆம்ப் கோணிக்கொண்டிருந்தாலும்கூட. இங்கே அளக்க வேண்டியது அந்தக் கெப்பாசிட்டருக்கு முந்தைய புள்ளி. மின்வழங்கல் வோல்ட்டேஜில் சரிபாதி அங்கே இருக்க வேண்டும். அதை சர்வீஸ் மேனுவல் வைத்திருக்கும் ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

சுவிட்ச் போட்டதும் ஸ்பீக்கரில் 'தொப்' என்று ஓர் ஒலி வரும். அந்தக் கெப்பாசிட்டர் நிரம்பும் ஒலி அது. பயப்பட வேண்டாம்.

திண்டுக்கல் வாசகன்:

பெரியவர்கள் சொன்னபடியே செய்தேன். உள்ளே பல்லி இல்லை, அட்லாண்டிக் கடந்து வந்த தூசி மட்டும் இருந்தது. பல்பு பளிச்சிட்டு மங்கியது. டயல் நீலமாக ஒளிர்ந்தபோது மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு பல்பை எடுத்துவிட்டு ஸ்டெப்-டவுனில் நேராகப் போட்டேன். 'தொப்' என்ற ஒலியும் வந்தது.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. எஃப்.எம். மீட்டரின் முள் அசைகிறது, நிலையத்தின் மீது வைத்தால் ஸ்டீரியோ விளக்குகூட எரிகிறது, ஸ்பீக்கரில் மட்டும் மூச்சில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மாமா முகம் வாடிவிட்டது. ஆம்ப் போய்விட்டதா?

ஊசிமுனை:

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஊமையானால் பெரும்பாலும் அது பழுதாக இருக்காது, ஒரு சுவிட்சாக இருக்கும். முன்பக்கத்தில் டேப் மானிட்டர் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் ரீல் டேப்பிலோ கேசட்டிலோ பதிவு செய்பவர்கள், பதிந்ததை உடனுக்குடன் கேட்டுப் பார்ப்பதற்காக வைத்த வழி அது. பொத்தானை அழுத்தினால் ரிசீவர் தான் தேர்ந்தெடுத்த ஒலியைப் பின்பக்கம் வெளியே அனுப்பிவிட்டு, டேப்பிலிருந்து அது திரும்பி வருவதற்காகக் காத்திருக்கும். டேப் இல்லாத வீட்டில் திரும்பி வருவதற்கு என்ன இருக்கிறது? அமைதிதான்.

அது இல்லையென்றால் ஸ்பீக்கர் பொத்தான்கள் இரண்டு இருக்கும், மெயின் என்றும் ரிமோட் என்றும். நீங்கள் வயரை மாட்டிய பக்கத்துக்குரிய பொத்தான் உள்ளே இருக்கிறதா?

திண்டுக்கல் வாசகன்:

டேப் பொத்தான் அழுந்தியிருந்தது உண்மைதான், விடுவித்துப் பார்த்தேன். மெயின் பொத்தானும் சரியாக இருக்கிறது. இன்னும் மௌனம்தான்.

சீரீஸ் பல்பு:

பின்பக்கத்தில் 'பிரீ அவுட்', 'மெயின் இன்' என்று நான்கு துளைகள் இருக்குமே, அவற்றை இணைத்தபடி ப வடிவத்தில் இரண்டு உலோகத் துண்டுகள் இருக்கின்றனவா?

திண்டுக்கல் வாசகன்:

துளைகள் இருக்கின்றன ஐயா, துண்டுகள் இல்லை.

சீரீஸ் பல்பு:

நோய் அதுதான். ரிசீவர் என்பது ஒரே தகரத்துக்குள் குடியிருக்கும் மூன்று வீடுகள்: வானொலியைப் பிடிக்கும் டியூனர், மூலத்தைத் தேர்ந்தெடுத்து ஒலியைத் திருத்தும் பிரீ-ஆம்ப், ஸ்பீக்கரை உந்தும் பவர்-ஆம்ப். விரும்பியவர்கள் நடுவில் வேறொரு கருவியைச் சேர்க்கலாம் என்பதற்காக, இரண்டாம் வீட்டுக்கும் மூன்றாம் வீட்டுக்கும் இடைப்பட்ட கதவை வீட்டுக்கு வெளியே வைத்தார்கள். அந்தத் துண்டுகள்தாம் கதவு. சாமான் கட்டும்போது கழன்று விழுந்திருக்கும், பெட்டியின் அடி அட்டையில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், அரை அடி நீளமுள்ள ஆர்.சி.ஏ. வயர் ஜோடி ஒன்றை வாங்கி, இடதை இடதோடும் வலதை வலதோடும் இணையுங்கள். ஒலிக் குமிழ் கீழே இருக்கட்டும்.

திண்டுக்கல் வாசகன்:

கோடைக்கானல் பண்பலை, 100.5! வீடு முழுவதும் பாட்டு. எழுபது ரூபாய் வயரில் முடிந்த விஷயத்துக்கு இரண்டு நாள் தூக்கம் போயிற்று. மாமா, துண்டுகளைத் தாமே கழற்றி ஓர் உறையில் போட்டு எங்கோ பத்திரப்படுத்தியதாக இப்போது நினைவுகூர்கிறார்.

இனி என் சந்தேகங்கள். ஒன்று, குமிழ்களைத் திருப்பும்போது கரகரக்கிறது. இரண்டு, 30 வாட் என்பது குறைவில்லையா? என் கல்லூரிக் காலத்து டேப் ரிக்கார்டரிலேயே ஆயிரம் வாட் என்று ஒட்டியிருந்தது. மூன்று, கைபேசியிலிருந்து ஒரு சிறு டி.ஏ.சி. (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக்கும் கருவி) மூலம் ஆக்ஸ் என்ற பொது உள்ளீட்டில் இணைத்தால், குமிழை ஒன்பது மணி நிலைக்குத் திருப்புவதற்குள் காது கிழிகிறது. அதற்கு மேல் திருப்பவே முடியவில்லை.

நான்காவது ஓம்:

வாட் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், என் பெயரே அதனால் வந்தது.

அந்த ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. கணக்கு. எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாத, பெட்டியின் மீது ஒட்டுவதற்கென்றே பிறந்த எண் அது. அமெரிக்காவிலும் 1970-களின் தொடக்கம் வரை 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1974-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் தலையிட்டு, இத்தனை ஓமில், இந்த அதிர்வெண்ணிலிருந்து இந்த அதிர்வெண் வரை, இத்தனை விழுக்காடு திரிபுக்குள், தொடர்ந்து எத்தனை வாட் தரும் என்று சொன்னால்தான் விளம்பரம் செய்யலாம் என்று விதி கொண்டுவந்தது. உங்கள் பெட்டியின் 30 வாட் அந்த வகை எண்: 8 ஓமில், இரண்டு சேனலும் ஒருசேர ஓடும்போது, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை.

வாட் இரட்டித்தால் ஒலி இரட்டிப்பதில்லை, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது 'கொஞ்சம் கூட' என்ற அளவு. உங்கள் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபல் தருவதாக வைத்துக்கொண்டால், வீட்டுக் கூடத்தில் பேச்சு நிற்கும் அளவுக்குக் கேட்கும்போதும் சராசரியாக ஒன்றிரண்டு வாட்டுக்கு மேல் செலவாகாது. மீதியெல்லாம் மிருதங்கத்தின் ஓர் அடிக்காக வைத்திருக்கும் இருப்பு. 30 வாட்டிலிருந்து 60-க்குப் போவதை விட, ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து ஓர் அடி முன்னால் இழுப்பது அதிக மாற்றத்தைத் தரும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. மெயினில் ஒரு ஜோடி 8 ஓம், ரிமோட்டில் ஒரு ஜோடி 8 ஓம் என்று மாட்டி இரண்டு பொத்தான்களையும் அழுத்தினால், ஆம்ப் பார்ப்பது 4 ஓம். அது வரை சரி. 4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு ஜோடி என்றால் அது 2 ஓமாகிவிடும். நம் ஊர் மே மாதத்தில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். ஸ்பீக்கர் வயரின் செம்பு இழைகளில் ஒன்றுகூடப் பக்கத்து முனையைத் தொடாமல் முறுக்கி மாட்டுங்கள். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் பாஸ் (தாழ்ந்த சுருதி) காணாமல் போய், பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது.

ஊசிமுனை:

மூன்றாவது கேள்விக்குக் காரணம், காலம் மாறிவிட்டது என்பதே. அந்நாளைய ரிசீவர்களின் ஆக்ஸ் வாய், 0.2 வோல்ட்டுக்கும் குறைவான சிக்னலிலேயே முழுத் திறனை எட்டும்படி வடிவமைக்கப்பட்டது. டேப் டெக்குகளும் ஒரு வோல்ட்டுக்குக் குறைவாகத்தான் கொடுத்தன. சி.டி. வந்தபோது 2 வோல்ட் வழக்கமாயிற்று, உங்கள் டி.ஏ.சி.யும் அதே வழி. பத்து மடங்கு, அதாவது 20 டெசிபல் அதிகம். ஆகவே குமிழ் தொடக்கத்திலேயே சீறுகிறது. கைபேசியில் ஒலியைப் பாதிக்குக் கீழே வையுங்கள், அல்லது ஆர்.சி.ஏ. வாயில் செருகிச் சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் ஜோடி வாங்குங்கள். குமிழ் பத்து, பதினொரு மணி நிலைக்கு வருவதில் இன்னொரு நன்மையும் உண்டு: மிகக் கீழான நிலையில் இடதும் வலதும் ஒரே அளவில் இருக்காது, சற்று மேலே வந்தால் சமமாகும்.

லவுட்னஸ் பொத்தானும் அப்போதுதான் சரியாக வேலை செய்யும். ஒலி குறையும்போது நம் காது தாழ்ந்த சுருதிகளை அதிகமாக இழக்கிறது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். அந்த இழப்பை ஈடுசெய்ய, குமிழ் கீழே இருக்கும்போது மட்டும் பாஸைக் கூட்டுவதற்காக வைத்த பொத்தான் அது. இரவில் எல்லாரும் தூங்கும்போது போடுங்கள், பகலில் எடுத்துவிடுங்கள். எப்போதும் போட்டே வைத்திருப்பவர்கள் எல்லாச் சாப்பாட்டிலும் ஊறுகாயைப் பிசைந்து சாப்பிடுபவர்கள்.

சீரீஸ் பல்பு:

கரகரப்புக்கு மருந்து காண்டாக்ட் கிளீனர். குமிழைக் கழற்றி முன்பக்கமாகத் தெளிப்பதில் பயனில்லை. மூடியைத் திறந்து, குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் உடம்பில் இருக்கும் சிறு துளைக்குள் மெல்லிய குழாயை வைத்து ஒரு சொட்டு விட்டு, இருபது முப்பது முறை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்புங்கள். சுவிட்சுகளுக்கும் அதே வைத்தியம். கதவுக் கீலுக்கு அடிக்கும் துரு எண்ணெயை மட்டும் அடித்துவிடாதீர்கள். அன்றைக்குச் சத்தம் நிற்கும், பிறகு தூசி ஒட்டிக் களிம்பாகிவிடும். எஃப்.எம். பக்கத்தில் மடிப்பு மடிப்பாக உலோகத் தகடுகள் சுழலும் டியூனிங் கெப்பாசிட்டர் இருக்கும், அதன் மீது எதையும் தெளிக்காதீர்கள்.

நான்காவது ஓம்:

அப்படியே எல்லா எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் மாற்றிவிடச் சொல்லுங்கள் ஐயா. ஐம்பது வயதாகிவிட்டது, ஒன்றுகூட முழு அளவில் இருக்காது.

சீரீஸ் பல்பு:

இதில் நமக்குள் என்றைக்கும் ஒத்துவராது. வீங்கியது, கசிந்தது, அளவு விழுந்தது, உறுமலை உண்டாக்குவது ஆகியவற்றை மாற்ற வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் நன்றாகப் பாடும் பெட்டியில், கற்றுக்குட்டி ஒருவர் கையில் சால்டரிங் அயர்னைக் கொடுத்து நூறு ஈய இணைப்புகளைச் சூடாக்கச் சொன்னால், ஐம்பது ஆண்டுகளாகப் பிடித்திருந்த செம்புத் தடம் அட்டையிலிருந்து எழுந்துவிடும். அப்படி எழுந்த அட்டைகள் என்னிடம் வந்த அளவுக்கு, வயதால் செத்த கெப்பாசிட்டர்கள் வந்ததில்லை. முதலில் ஒரு மாதம் கேட்கட்டும். ஆள் இல்லாத வீட்டில் ஓடவிடாமல் இருக்கட்டும், மேலே துணியோ புத்தகமோ வைக்காமல் இருக்கட்டும். பிறகு மின்வழங்கல் பகுதியிலிருந்து தொடங்கலாம்.

நான்காவது ஓம்:

ஒரு மாதம் என்பதை ஏற்கிறேன். அதற்கு மேல் ஏற்கவில்லை.

திண்டுக்கல் வாசகன்:

குமிழ்கள் அமைதியாகிவிட்டன. நேற்று டர்ன்டேபிளை இணைத்தேன். அங்கே ஒரு விசித்திரம். இசைத்தட்டு ஓடுகிறது, ஆனால் பாடகியின் குரல் பாடகர் குரல் போல் இறங்கி, இழுத்து இழுத்து வருகிறது. புதிய பெல்ட்தான் போட்டேன். ஸ்டெப்-டவுனில்தான் செருகியிருக்கிறேன். மெல்லிய உறுமலும் இருக்கிறது.

ஊசிமுனை:

ஸ்டெப்-டவுன் வோல்ட்டேஜை இறக்கும், அதிர்வெண்ணைத் தொடாது. உங்கள் டர்ன்டேபிளில் இருப்பது மின்சாரத்தின் துடிப்புக்கு ஏற்றபடி சுழலும் ஏ.சி. சிங்க்ரோனஸ் மோட்டார். அமெரிக்காவில் நொடிக்கு 60 துடிப்பு, இங்கே 50. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு 27.8 சுற்றுதான் ஓடும். சுருதிக் கணக்கில் சொன்னால் மூன்று சுரத்தானங்களுக்குச் சற்று மேலாகவே இறங்கியிருக்கும். மோட்டார் தண்டில் இருக்கும் பித்தளைப் புல்லியைக் கழற்றி, 50 ஹெர்ட்ஸுக்குரிய, ஐந்தில் ஒரு பங்கு விட்டம் கூடிய புல்லியைப் போட வேண்டும். அக்காலத் தயாரிப்பாளர்கள் பலர் இரண்டு வகையும் செய்தார்கள். கிடைக்காவிட்டால் கோவையிலோ மதுரையிலோ நல்ல லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள், விட்டத்தை வெர்னியரால் அளந்து கொடுங்கள். டி.சி. மோட்டாரும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடும் உள்ளவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

உறுமலுக்கு, டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய தனி வயரை ரிசீவரின் பின்பக்கத்துத் தரைத் திருகில் இறுக்கியிருக்கிறீர்களா?

இணைத்த வாய் ஃபோனோதானே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசியைத் தாங்கும் காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். ஃபோனோ வாய் அதை நூறு மடங்கு உயர்த்துவதோடு, தட்டு வெட்டும்போது வேண்டுமென்றே குறைத்த பாஸையும் கூட்டிய டிரெபிளையும் (உச்ச சுருதி) பழைய நிலைக்குத் திருப்பும். 1954-இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு அது: 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் கூட்டும், 20,000-இல் அதே அளவு குறைக்கும். ஆகையால் ஆக்ஸில் மாட்டினால் கொசு பாடுவது போல் இருக்கும். மாறாக, உள்ளேயே பிரீ-ஆம்ப் உள்ள இக்காலத்து டர்ன்டேபிளை 'லைன்' நிலையில் வைத்து ஃபோனோவில் மாட்டினால் எல்லாம் சிதறிக் கரகரக்கும்.

திண்டுக்கல் வாசகன்:

தரை வயர் தொங்கிக்கொண்டிருந்தது. திருகியதும் உறுமல் நின்றது. புல்லிக்கு மதுரையில் ஒரு லேத் பட்டறையில் சொல்லியிருக்கிறேன். கடைசியாக ஒன்று: எஃப்.எம். நன்றாகக் கேட்கிறது, ஆனால் கைபேசியில் கேட்பதை விட மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. ஸ்டீரியோவில் பின்னணி இரைச்சலும் உண்டு. ஆன்டெனாவாக அரை முழ வயர் ஒன்றைத்தான் செருகியிருக்கிறேன். டயல் முள்ளும் 100.5-க்குப் பதிலாக 100.2-இல் நிற்கிறது.

பண்பலைப் பித்தன்:

இந்த இழையில் என் முறை வரும் என்று காத்திருந்தேன்.

மந்தத்துக்குக் காரணம் பெட்டியின் பழுதன்று, பிறந்த ஊர். எஃப்.எம். நிலையங்கள் இரைச்சலை வெல்வதற்காக உச்ச சுருதிகளைக் கூட்டி அனுப்பும், ரிசீவர் அதே அளவு குறைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் அந்த அளவு 75 மைக்ரோ விநாடி, இந்தியாவில் 50. உங்கள் பெட்டி, இங்கே கூட்டியதை விட அதிகமாகக் குறைக்கிறது. 10,000 ஹெர்ட்ஸில் அந்த வித்தியாசம் 3 டெசிபலுக்குச் சற்று மேலே வரும். டிரெபிள் குமிழை ஒன்றிரண்டு படி கூட்டினால் பெரும்பகுதி சரியாகிவிடும். முற்றிலும் சரியாக வேண்டுமென்றால் ஸ்டீரியோவைப் பிரிக்கும் டீகோடர் அட்டையில் சேனலுக்கு ஒரு சிறு கெப்பாசிட்டரை மூன்றில் இரண்டு பங்கு மதிப்புக்கு மாற்ற வேண்டும். பாகம் மலிவானது, ஆனாலும் நான் மாற்ற மாட்டேன்.

ஆன்டெனாவுக்கு, தூர்தர்ஷன் காலத்தில் மொட்டைமாடியிலிருந்து இறங்கிய அந்தத் தட்டை வயர் நினைவிருக்கிறதா? 300 ஓம் வயர் அது. பின்பக்கத்தில் 300 ஓம் என்று இரண்டு திருகுகள் இருக்கும். தட்டை வயரில் 1.4 மீட்டர் வெட்டி, இரு முனைகளிலும் உள்ளிருக்கும் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்குங்கள். நடுவில் ஒரு கம்பியை மட்டும் வெட்டி, அந்த இரண்டு நுனிகளில் இன்னொரு தட்டை வயரைச் சேர்த்துத் திருகுகளுக்குக் கொண்டுவாருங்கள். கிடைப்பது ஆங்கில T வடிவம், சுவரில் விரித்து மாட்டிய கைகள் போல. கைகள் நிலையத்தை நோக்கி நீண்டிருக்கக் கூடாது, நிலையத்துக்குக் குறுக்காக விரிந்திருக்க வேண்டும். திண்டுக்கல்லுக்குக் கோடைக்கானல் ஏறத்தாழ மேற்கே என்பதால், வடக்கு தெற்காக ஓடும் சுவரில் மாட்டுங்கள்.

ஸ்டீரியோ இரைச்சல் இயல்பு. நிலையம் 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய பைலட் ஒலியை அனுப்புகிறது. உங்கள் ஸ்டீரியோ விளக்கை எரிய வைப்பது அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு, இடம் வலம் வேறுபாட்டை 38 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்திலிருந்து மீட்க வேண்டியிருக்கிறது. அந்த உயரத்தில் இரைச்சல் அதிகம். மெலிந்த நிலையங்களை மோனோவில் கேளுங்கள், பட்டென்று துடைத்தது போல் ஆகும். செய்தி வாசிப்பவருக்கு இரண்டு காது எதற்கு?

முள்ளைப் பொறுத்த வரை, டயலின் இரு கோடிகளிலும் நடுவிலும் தெரிந்த நிலையங்களைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு விலகுகிறது என்று குறித்து எழுதுங்கள். எண்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

திண்டுக்கல் வாசகன்:

மூன்று இடங்களிலும் அதே 0.3 தான். ஆன்டெனாவை மாட்டியதும், சிக்னல் மீட்டரில் பாதியில் நின்ற முள் கடைசிக்கு அருகே போய்விட்டது.

பண்பலைப் பித்தன்:

எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகினால், கப்பல் பயணத்தில் முள் நூலின் மீது நகர்ந்திருக்கிறது, உள்ளே எதுவும் மாறவில்லை. மூடியைத் திறந்து, 100.5 நிலையத்தைச் சரியாகப் பிடித்து நிறுத்திக்கொண்டு, மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகு, டயல் நூலை ஒரு கையால் அசையாமல் பிடித்தபடி முள்ளின் கொக்கியை மட்டும் மறு கையால் 100.5 கோட்டுக்குத் தள்ளுங்கள். கொக்கியில் பழைய பசை காய்ந்திருந்தால் நகப்பூச்சு ஒரு சொட்டு வையுங்கள். பச்சை, சிவப்பு நிறத் திருகுகள் உங்கள் கண்ணில் படும். அவற்றில் ஒன்றைக்கூடத் திருகாதீர்கள்.